முன்னாடியே சொன்ன சாட்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் சட்டைக்குப் பட்டன் தைத்துத் தரச் சொன்னார். ஊருக்கெல்லாம் தைக்கிற டெய்லர். தன் சட்டை என்றால் மட்டும் நான்தான் தைக்க வேண்டும். "என் தையல்ல எனக்கே நம்பிக்கை இல்ல" என்று சிரித்தார். மத்தியானம் அவருக்கு நினைவு தப்பியது.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், ஐயா.

அதற்குச் சில வாரங்கள் முன்பு சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் தன் சர்க்கரை வியாதியை எடுத்துவிட்டார், இனி ஊசி வேண்டாம் என்று. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் அழுதேவிட்டேன். மறுநாள் குளியலறைக் கதவைத் திறந்தால், வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்ப சபையில சொன்னது?"

"பொய் இல்லடி. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் காதில் விழும். அதில்தான் ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் மருந்தை ஒளித்து வைத்திருந்தார். பாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் குப்பியிலிருந்த மருந்தை ஊசியால் எடுத்துவிட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். அவர் உடம்பில் கிருமி எதுவும் போய்விடக் கூடாதே.

இளைத்துக்கொண்டே போனார். "வயசு குறைஞ்சுட்டே போகுதே, அண்ணா" என்று சபையில் கேலி செய்தார்கள். வீட்டில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மருந்து கெட்டுவிட்டதோ, யாருக்கும் தெரியாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று சனிக்கிழமை என்னிடம் கேட்டார்.

"கர்த்தரை நம்புறீங்களா, இல்லையா?"

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"நம்புறேன்."

கேட்க ஆள் கூட்டம் இல்லாத இடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் அவர் விழுந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. மூச்சு நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

கடைசிவரை விசுவாசத்தில் நின்றவர் என்று அடக்க ஆராதனையில் பாஸ்டர் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பொய்ச்சாட்சிக்காரராக அவரை நான் போகவிடவில்லை.

இங்கே ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பிரஷர் மாத்திரையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைப் போடாமல் விட்டதில்லை.