நாளைக்கு வெட்டு

எட்டாம் தரத்துப் பிள்ளைகள் முதலாம் பாடத்தில் சொல்வழி கேட்பார்கள். மூன்றாம் பாடமாகும்போது பசி வந்துவிடும். பிறகு கடவுளே வந்து படிப்பித்தாலும் அவர்களுக்குக் காது கேளாது. நேர அட்டவணையில் எனக்கு எப்போதும் மூன்றாம் பாடம்தான் விழும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், எனக்குத் தொடக்கம் இதுதான்.

சுலோஜனாவின் மேன்முறையீட்டை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நல்லது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்விமாணிப் பட்டப் படிப்பில் அவள் எனக்கு ஒரு வருடம் இளையவள். கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஆற்றுவாய்க்குக் கிட்ட உள்ள அந்தப் பாடசாலையில் போட்டார்கள். ஒரே வீட்டில் ஒரே அறையில் தங்கினோம். அவளுக்கு எட்டு ஏ, எனக்கு எட்டு பீ. இருவருக்கும் விஞ்ஞானம்.

இளையவளோடு நான் ஏன் பயிற்சிக்குப் போனேன் என்று நீங்கள் கேட்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். முந்திய வருடம் நான் தவறிவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் வல்லிபுரம் சேர் என் புள்ளித்தாளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘பிள்ளைகள் இவர் சொல்வதைக் கேட்பதில்லை.’ இரண்டாம் முறையும் தவறினால் பட்டமும் இல்லை, நியமனமும் இல்லை. கதிரவெளியில் என் அப்பா வலை இழுக்கிறவர். நான் கம்பஸுக்கு எடுபட்ட நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் பெரிய ஆட்கள்கூட என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தவறிவிட்டு அந்த ஒழுங்கையால் எந்த முகத்தோடு நடப்பது? எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்பதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

சுலோஜனாவுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இடைவேளையில் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். என் பாடக்குறிப்பையும் அவள்தான் வாசித்துத் திருத்துவாள். “இந்த இடத்தில பிள்ளைகளக் கதைக்க விடுங்க அக்கா, நீங்களே எல்லாத்தையும் சொல்லிப் போடுறீங்க” என்பாள். சரியாகத்தான் சொன்னாள். சரியாகச் சொல்கிறவர்களோடு ஒரே அறையில் தூங்கி எழும்புவது லேசான காரியமில்லை.

தை மாதம் பிந்திய மழை பெய்து, விளைந்த வெள்ளாமை எல்லாம் தண்ணீரில் நின்ற வருடம் அது. மழை விட்டு மூன்று நாள். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி நிரம்பி, அசையாமல் கிடந்தது. புதன்கிழமை மேற்பார்வைக்கு வருவதாக வல்லிபுரம் சேர் அறிவித்திருந்தார். இரண்டாம் பாடம் அவளுடையது, மூன்றாம் பாடம் என்னுடையது. அவள் தன் வகுப்பை வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, அரிதட்டால் நத்தையும் இறால்குஞ்சும் பிடித்துப் படிப்பிக்கப்போவதாகக் குறிப்பு எழுதியிருந்தாள். நல்ல பாடம். அதைப் பார்த்த கண்ணோடு அவர் என் வகுப்புக்கு வந்தால் நான் தொலைந்தேன்.

ஊராட்களிடம் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்கும்படி அதிபர் சொல்லியிருந்தார். அதனால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருவரும் கரைக்குப் போனோம். தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் அவள் கேட்டாள்.

“அண்ணன், நாளைக்குப் பிள்ளைகள ஆத்துல எறக்கலாமா?”

“நாளைக்கு விடிய வெட்டு, புள்ள. பாத்துச் செய்யுங்க.”

“ஓம் அண்ணன்.”

அவர் தோணியோடு மினைக்கெட்டார். நாங்கள் திரும்பினோம். வழியில் அவள் கேட்டாள்: “அக்கா, அவருக்கும் வயல் இரிக்கா?”

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. வாவிக்கரையில் மழைகாலத்தில் வெட்டு என்றால் ஆற்றுவாய் வெட்டு. வாவி வழிந்து வயலுக்குள் ஏறும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். சுலோஜனா வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நெடுந்தூரம் உள்ளுக்குப் பிறந்தவள். அவர்களுடைய வயல்வட்டைக்குக் குளத்துத் தண்ணீர்தான் பாயும். வாவி வெள்ளம் அங்கே ஏறாது. அவளுக்கு வெட்டு என்றால் வெள்ளாமை வெட்டு, வேறொன்றுமில்லை. அந்தக் கிழமை முழுக்க அவளுடைய அப்பா தொலைபேசியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: இன்றைக்கு வெட்டு, நாளைக்கு வெட்டு.

நான் சொன்னேன்: “இரிக்கும்.”

ஒரு சொல். நீங்கள் வந்தது இதற்காகத்தானே. பல்கலைக்கழக விசாரணையில் தோணிக்காரர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார்கள், சொன்னேன். சுலோஜனா என்ன பதில் சொன்னாள் என்று கேட்டார்கள். ஓம் என்றாள் என்றேன். இரண்டும் உண்மை. எச்சரித்தும் கேளாமல் பிள்ளைகளை இறக்கினாள் என்று தீர்மானித்து அவளை நீக்கினார்கள். திரும்பி வரும்போது என்ன கதைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் எழுதினால் பரீட்சையில்கூடப் புள்ளி கிடையாது.

புதன்கிழமை விடிய மணல் அள்ளும் இயந்திரம் இரைந்தது. “என்ன சத்தம் அக்கா?” என்று அவள் தலைவாரிக்கொண்டே கேட்டாள். றோட்டு வேலை என்றேன். முதலாம் பாடம் முடிகிற நேரத்தில் ஊரே வேடிக்கை பார்க்க ஆற்றுவாய்க்குப் போய்விட்டது. அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். வல்லிபுரம் சேர் வந்தார். அவரும் வாவிக்கரை ஆள் இல்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். கரையில் பிறந்த பிள்ளைகள், தெரியாமல் இருக்குமா. எட்டு ஏயின் வகுப்புத் தலைவி யதுர்ஷிகா. மெலிந்த பிள்ளை, பதின்மூன்று வயது. சுலோஜனா சேரோடு கதைத்துக்கொண்டு நின்றதால் அந்தப் பிள்ளை விறாந்தையில் என்னிடம் ஓடிவந்தது.

“டீச்சர், வாய் வெட்டிட்டாங்க. இண்டைக்கு எறங்கினா இழுக்கும். எங்கட டீச்சருக்குத் தெரியாது போல.”

நான் குனிந்து அவளுடைய கழுத்துப் பட்டியைச் சரிசெய்தேன். பயிற்சி ஆசிரியர்கள் எல்லோரும் மேற்பார்வை நாளில் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான்: குறுக்கே கதைக்காதே, கையை உயர்த்து, சேர் முன்னால் எங்களைக் காட்டிக்கொடுக்காதே. நானும் அதைத்தான் சொன்னேன்.

“சேர் புள்ளி போட வந்திரிக்கார், யதுர்ஷிகா. இண்டைக்கு நீங்க யாரும் குறுக்க கதைச்சா சுலோஜனா டீச்சர் பெயிலாப் போவா. பிறகு அவ டீச்சரா வரவே ஏலாது. அது உங்களுக்கு விருப்பமா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப மத்தப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.”

சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு பிள்ளைகள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியான வகுப்பை நான் கண்டதில்லை. வரிசையாகப் போய், வரிசையாக இறங்கினார்கள். மேலே பார்த்தால் தண்ணீர் கண்ணாடிதான். அடியில்தான் காலை வாரும். கரையோர மணல் கரைந்து முதலில் மூன்று பிள்ளைகள் சரிந்தார்கள். சுலோஜனா சேலையோடு பாய்ந்து இரண்டு பேரை இழுத்துவந்தாள். மூன்றாவது யதுர்ஷிகா. அவளை அடுத்த நாள் கடல் பக்கத்தில் எடுத்தார்கள்.

நான் கெட்டவள் இல்லை. பிள்ளைகள் கொஞ்சம் நனைந்து, பயந்து, கத்துவார்கள், பாடம் குழம்பும், சேர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குத் தேவைப்பட்டது ஒரு நாள்தான். அது கிடைத்தது. அன்று அழுத பிள்ளைகளை நான்தான் கட்டிப்பிடித்துத் தேற்றினேன். வல்லிபுரம் சேரும் அதைப் பார்த்தார். பிறகு என் வகுப்பைப் பார்க்காமலே, பாடக்குறிப்பை மட்டும் வாசித்து என்னைச் சித்தியாக்கினார். இப்போது எனக்கு நிரந்தர நியமனம்.

ஆற்றுவாய் வெட்டிய நாளில் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரிலும் வெட்டுவார்கள். என் சித்தப்பா நல்ல நீச்சல்காரர். வெட்டிய அன்று வலை எடுக்க இறங்கினார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். சவத்தை அடையாளம் காட்டப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே தெரியும். ஒரு பிள்ளையாவது போகும் என்று தெரியும். எந்தப் பிள்ளை என்றுதான் தெரியாது.

சுலோஜனா நல்ல ஆசிரியை. அவளைத் திரும்ப எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு விசயத்தை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். தன் வகுப்பைக் காப்பாற்றுவதுதான் ஓர் ஆசிரியருக்கு முதல் கடமை. அன்று என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.