பார் வைத்திருப்பவன் குடிப்பதில்லை

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் சந்தையில் வாங்கிய சாமான்களோடு பசார் பைகள். இளையவள் சொன்னது காதில் விழுந்ததும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“பார் வெச்சிருக்கான்க்கா. ஆனா ஒரு சொட்டு குடிக்க மாட்டான்.”

“யாருடி, நம்ம தோட்டத்திலயா?”

“இல்ல லா, டீவியில. வெள்ளக்காரன் நாடகம். முன்னால ரொம்பக் குடிச்சவன், விட்டுட்டான். அங்க வேலை செய்யிற பொண்ணோட எந்நேரமும் சண்டை. ஆனா அவ மேல உயிரு.”

“கட்டிக்குவாங்களா?”

“அதுக்குத்தான் நான் வாராவாரம் பாக்கறேன். எங்க வீட்டுக்காரரு அவனுக்காகப் பாக்கறாரு. இவரும் குடிய விட்டு நாலு மாசமாச்சில்ல. இங்கிலீஸ் புரியாது, நாந்தான் தமிழ்ல சொல்லணும். மத்தவங்க பேசறதெல்லாம் அவருக்கு வேணாம். ‘இன்னிக்கு அவன் குடிச்சானா?’ன்னு மட்டும் கேப்பாரு.”

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“போன வாரம் குடிச்சிட்டான்க்கா. அந்தப் பொண்ணு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா.”

“ஐயோ. நீ என்ன சொன்ன?”

“கிளாஸ்ல இருந்தது பால் ஊத்தாத தேத்தண்ணின்னு சொன்னேன்.”

“நம்பினாரா?”

“குடிச்ச மனுசனுக்குத் தெரியாதாக்கா? அவரே எழுந்து டீவிய அடைச்சாரு. ‘பரவால்ல, நாளைக்கு மறுபடியும் விட்டுடுவான்’னாரு.”