ரெண்டு விசில்

கட்டபெட்டில் குன்னூர் பஸ் நின்றதும் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். டீத்தூள் விலை விழுந்துகிடந்த சமயம் அது. எனக்கு முன் சீட்டில் இலை பறிக்கும் பெண்கள் இருவர்.

“ஃபேக்டரியில இன்னைக்கும் இலை வேண்டாம்ட்டாங்க. சின்னதுல நான் கண்டக்டர் ஆகோணும்னு கெடந்தேனுங்க அக்கா.”

“டிக்கெட் கிழிக்கவா கண்ணு?”

“அட இல்லீங்க. ரெண்டு விசிலுக்கு இத்தாப்பெரிய பஸ் கிளம்புதே, அதுக்கு! எனக்கு விசில்கூட வேண்டாம், விரலை வெச்சே ஊதுவேன்.”

“எங்க, ஊது பாக்கலாம்.”

ஊதினாள், இரண்டு தரம். பஸ் கிளம்பிவிட்டது. கையில் டீ கிளாசோடு கண்டக்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“அய்யய்யோ, அந்தாளு ஓடியாறாரு! ஒத்த விசில் ஊதி நிறுத்து புள்ள!”

“சிரிப்புல வாய் குவிய மாட்டேங்குதுங்க அக்கா!”