உருமால் யார் தலைக்கு?

மேடையை அலங்கரிக்கும் காய்கறி விவசாயிகள் சங்கத்துப் பெருந்தலைகளே! ஜமுக்காளத்தின் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று பீடி குடிக்கும் பெருமக்களே! வணக்கம்.

ஜீப்புகளின் சக்கரவர்த்தி, ரசத்தின் பேரரசர், என் அக்கா மகன் சேனாதிபதி மறைந்தார்! அவர் இங்கே பள்ளங்கியில் ஹாரன் அடித்தால் கீழே ஆயக்குடியில் கொய்யா உதிரும். அவர் ரசத்தின் காரத்தில், மலையை மூடிய மேகமே தும்மிக்கொண்டு விலகியிருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, மேகமே சொன்னது.

இன்று காலை காரியம் முடிந்தது. தாய்மாமன் நான் துக்கக்காரர் தலையில் கட்டவேண்டிய உருமால் மட்டும் தாம்பாளத்தில் மடித்தபடி கிடக்கிறது. யார் தலையில் கட்டுவது? சேனாதிபதியின் தம்பி மகன் அருண்பாண்டியனுக்கு என்கிறது ஒரு கட்சி. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்த திருமலைச்சாமிக்கு என்கிறேன் நான். “அவரு பூண்டு வெவசாயத்துல கூட்டாளிதானங்க?” என்கிறார்கள். கூட்டாளியா? பூண்டு விலை விழுந்தால் கூட்டாளி பிரிந்துபோவான். இவர்கள் எதற்குப் பிரிந்தார்கள்?

எய்ட்ஸ் வந்த காலம். ஆணை விரும்பி வாழும் ஆண்கள் பலர் மதுரையில் இவர்களுக்குச் சிநேகிதர்கள். இவர்களும் அப்படித்தான். ஊருக்கே தெரிந்ததை ஊர்க்கூட்டத்தில் சொல்ல எனக்கென்ன கூச்சம்? வடிவு என்று அவர்கள் செல்லமாக அழைத்த ஒருவர் நோயோடு வந்தார். பெற்றவர்கள் கதவடைத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சோற்றுத் தட்டைக் காலால் தள்ளினார்கள். இவர்கள்தான் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள். இறந்தபோது தூக்க நாலாவது ஆள் இல்லை; மூன்றாவது ஆளும் இல்லை. ஜீப்பில் கிடத்தி இருவருமே கொண்டுபோனார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லாச் சிநேகிதர்களும் போனார்கள். கூடிச் சிரித்த கூட்டத்தில் மிஞ்சியது இந்த இரண்டு பேர்.

அப்புறம் கொரோனா. பாதையில் மரத்தை வெட்டிப் போட்டு ஊரை அடைத்தோம். நான் மாவீரனாகக் கட்டிலுக்கடியில் படுத்திருந்தேன். வீடு வீடாக அரிசியும் ரசமும் இறக்கியது யார்? வயதான இந்த இருவர்! “ஏலே, பயமில்லையா?” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“ஊரு வெலகி நிக்கிறது எங்களுக்கென்ன புதுசா மாமா? நீங்க இப்பத்தான் மூஞ்சிய மூடுறீங்க. நாங்க வாலிபத்துலயே மூடியாச்சு” என்றார் சேனாதிபதி.

கடைசியில் திருமலைச்சாமிக்கே மூச்சு முட்டியது. “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று சேனாதிபதியைக் கேட்டார் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸம்மா. வாழ்நாளெல்லாம் கூட்டாளி என்று சொல்லித் தப்பித்த வாய் அன்றைக்குத்தான் திறந்தது.

“அவரு என் வீட்டுக்காரருங்க.”

“ஹவுஸ் ஓனரா? குடியிருக்கிறவங்கள எல்லாம் உள்ள விடமாட்டோம். வெரசா நகருங்க.”

இத்தனை பெரிய உண்மையைச் சொல்லி வாடகைக்காரர் ஆனவர் மூன்று உலகத்திலும் என் மருமகன் ஒருவர்தான்! திருமலைச்சாமி நடந்து வெளியே வரும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை. மழையிலும் ஜீப்புக்குள்ளேயே கிடந்தார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சபையோரே! அவர் மூச்சு நின்றபோது தலை யார் மடியில் இருந்தது? கூடப்பிறந்த தங்கை அழகம்மாளிடம் கேட்டேன். “அந்த வீட்டுல சோறு தின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரியும் மாமா. பேசாமக் கட்டுங்க” என்றாள்.

மாத்திரை வாங்க மலையிறங்க முடியாத நோயாளிகளை இன்றுவரை ஏற்றிப்போனது சேனாதிபதியின் ஜீப். அது நிற்காது! திருமலைச்சாமி ஓட்டுவார். பக்கத்தில் நான் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு அலறுவேன். இது சபையறிய நான் செய்யும் சத்தியம்.

ஏலே அருண்பாண்டி, கோவிச்சுக்காம அந்தத் தாம்பாளத்த எடுத்துட்டு வா. உன் பெரியப்பனுக்கு நீ செய்யவேண்டிய சோலி அதுதான்.

மாப்ள திருமலைச்சாமி, தூணுக்குப் பின்னால நின்னது போதும். முன்னால வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட.

தலையக் குனிங்க மாப்ள. எனக்குக் கை எட்டல.