மெஷின் ஏத்துக்காத கார்டு

— ஸ்க்ரூவைக் கையிலேயே வெச்சிருங்க அத்தை, கீழ விழுந்தா தேட நேரமில்ல.

— வெச்சிருக்கேன். நான் ஒரு விஷயம் பேசத்தான் வந்தேன். அது மெதுவா ஆகட்டும்.

— எங்களுக்கு உங்க பையன் பாத்த கல்யாண மண்டபம் பத்தியா?

— ம்... கல்யாணம் பத்திதான். முதல்ல இதை முடி. லேப்டாப்புக்கு என்ன?

— பழைய நெட்வொர்க் கார்டு காலைல உயிரை விட்டுடுச்சு. புதுசு மாட்டினா, லேப்டாப் அதை யாரோ எவரோன்னு பாக்குது. அங்க ஆஸ்பத்திரி ரத்த வங்கியோட சர்வர் படுத்துக் கிடக்கு. நான் இங்கிருந்தே லேப்டாப் வழியா உள்ள போய்த்தான் எழுப்பணும்.

— ரத்த வங்கியா! அம்மாடி, அது நின்னா ஆபரேஷன் தியேட்டரே நிக்குமே. தியேட்டர் நர்ஸ் நான் சொல்றேன். ஃபோன்ல நெட் போட்டா ஆகாதா?

— விட மாட்டாங்க. இந்த வயர் லைனுக்குத்தான் அங்க கதவு திறக்கும்.

— கடையில கேட்டியா?

— என் லேப்டாப்புல விண்டோஸுக்குப் பதிலா யூனிக்ஸ்தான் ஓடுது. கடைக்காரர், "யூனிக்ஸா? அதைத் தூக்கிட்டு விண்டோஸ் போடுங்கம்மா"ன்னார்.

— தலைவலின்னு போனா தலையையே மாத்தச் சொல்றாரா!

— இங்க பாருங்க. கார்டு உள்ள இருக்கறது மெஷினுக்குத் தெரியுது, நம்பர்கூட காட்டுது, அதை அந்தச் சீட்டுல எழுதிக்கங்க. ஆனா இது என்னோடதுன்னு எந்த டிரைவரும் கை தூக்கல.

— டிரைவர்னா?

— கார்டை ஓட்டற புரோகிராம். இதுக்கு முந்தின மாடல்களுக்கு, அண்ணன்கள்னு வைங்க, ஆளுக்கு ஒண்ணு இருக்கு. எதுலயும் இந்த நம்பர் மட்டும் இல்ல. நானே ஒண்ணுல சேர்த்துடறேன். சீட்டுல எழுதினீங்களே, படிங்க.

— எட்டு, பூஜ்யம், டி, மூணு.

— எட்டு, பூஜ்யம், பி, மூணு?

— டி! டீ குடிக்கற டி.

— நல்லவேளை கேட்டேன்.

— நாங்களும் இப்படித்தான், ரத்தப் பை நம்பரைத் திருப்பிப் படிக்காம ஏத்த மாட்டோம். ஐயையோ, ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சே!

— அந்த டிரைவர் ஒத்துப்போகல. ரொம்பப் பழைய மாடலை, பெரிய அண்ணனைப் பிடிச்சுட்டேன் போல. ஆஃப் பண்ணிட்டு, சின்ன அண்ணன்கிட்ட கேப்போம்.

— நீ பதறவே இல்லையே! எங்க பெரிய டாக்டரா இருந்தா இந்நேரம் என்மேல எரிஞ்சு விழுந்திருப்பார்.

— கத்தினா கார்டுக்குக் கேக்காதே அத்தை. இருங்க... இப்ப வயர் மாட்டற இடத்துல பாருங்க.

— பச்சை லைட்டு! மினுக்குது, மினுக்குது!

— கார்டு பேர் வந்துடுச்சு. நெட்ல அட்ரஸ் வாங்கிடுச்சு. உள்ள போயாச்சு, சர்வரை ஸ்டார்ட் பண்றேன். வா, வா, வா... எழுந்துடுச்சு! ரத்த வங்கி ஓடுது அத்தை.

— அம்மாடி! இங்க வா, உன்னை ஒரு தடவை கட்டிக்கறேன்.

— எலும்பு நொறுங்குது! சரி, என்னமோ பேச வந்தீங்களே?

— உக்காரு. என் பையன் இந்தக் கல்யாணம் வேணாம்னுட்டான். எந்நேரமும் மெஷினோட மல்லுக்கட்டற பொண்ணு குடும்பத்துக்குச் சரிப்பட மாட்டாளாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாம என்னை அனுப்பியிருக்கான்.

— இதுக்கு... இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?

— அவன் சொன்னதைச் சொல்லிட்டு, உன் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன். இப்ப நானே சொல்றேன் அம்மாடி, அவன் உனக்கு வேணாம்.