செமினி வீட்டில் மாடு

போர்ட் கிள்ளான் போகும் ரயிலில், எதிரே இரண்டு பெண்கள். இளையவள் குழம்பிப்போயிருந்தாள்.

"அக்கா, கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டாந்த மாடு அன்னைக்கே போயிருச்சு. ஆனா மழை பேஞ்சா செமினியில இருக்கிற எங்க புது வீட்டுல இன்னும் கத்துது."

"மாட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

"போன் போட்டேன். மாடு அவருகிட்டதான் நல்லா இருக்காம். மாமியார் மறுபடி பூஜை போடணும்னு நிக்கிறாங்க."

மூத்தவள் சிரிக்கவில்லை. "அது தவளைலா. கோழிமுட்டை அளவுதான், மாடு மாதிரி கத்தும். வீட்டுப் பின்னால லொங்காங்ல, சாக்கடைத் தண்ணியில பாரு."

"புது வீட்டுக்கு எப்படிக்கா தவளை வரும்?"

"அது எங்க வந்துச்சு? நீங்கதான் வந்தீங்க. முன்ன அங்க சேறும் தண்ணியும்தான்."

கிள்ளான் வந்ததும் இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கும்போது கேட்டாள்:

"அப்போ யாரு வீட்டுலக்கா நாங்க பால் காய்ச்சினோம்?"