பேப்பர் கூடையில் கிடந்த ஆறு பொருள்கள்

— ...கூடையைக் கீழ வைங்கக்கா. ஒரே ஒரு கேள்விதான்.

— லீடரம்மா, சனிக்கிழமை அதுவுமா, பெல் அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. வீட்டுக்குக் கிளம்பாம, பெருக்குறவகிட்ட என்ன விசாரணை?

— எங்க கிளாஸ்ல குப்பை பிரிக்க வெச்ச மூணு கூடையில, பேப்பர் கூடையில எப்பவும் பேப்பர் மட்டும்தான் இருக்கு. அது எப்படி?

— பசங்க ஒழுங்காப் போடுறாங்க. அவ்வளவுதான். காலைத் தூக்கு, பெருக்கணும்.

— எங்க வீட்டுலயும் அப்படித்தான் நினைச்சேன். பேப்பர் ஒரு பையில, கழுவின பால் கவர் ஒரு பையில, காய்கறித் தோல் ஒரு வாளியில. நாலு பேரும் சரியாப் போடுறோம்னு ஒரே பெருமை. போன மாசம் அம்மா நாலு நாள் ஊருக்குப் போனாங்க...

— போனா?

— ரெண்டாம் நாளே மூணும் ஒண்ணா நாறிப்போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, எங்க பின்னாடியே வந்து எடுத்து மாத்திப் போட்டது அம்மான்னு.

— ம்... பாவம் உங்கம்மா.

— அதான் யோசிச்சேன். இங்க அந்த அம்மா யாரு?

— ஹிஹி... நல்லாக் கேட்ட போ.

— சிரிச்சு மழுப்பாதீங்க. திங்கக்கிழமை பெரிய டீச்சருக்கு நான் எழுதிக் குடுக்கணும். பசங்களே பிரிக்கிறாங்களா இல்லையான்னு.

— பிரிக்கிறாங்கன்னு எழுதேன். கை வலிக்குமா?

— பொய்யா இருந்தா?

— இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னு எழுதினா மூணு கூடையையும் எடுத்துடுவாங்க. பழையபடி எல்லாத்தையும் பின்பக்கம் கொட்டி எரிக்கணும். எரிக்கிறது யாரு? நீயா, உங்க டீச்சரா?

— ...நீங்க.

— போன வருஷம் பூரா அந்தப் புகையில நின்னேன். படுத்தா இருமல், எழுந்தா இருமல். கூடை வந்தப்புறம்தான் மூச்சே விடுறேன்.

— அப்போ நீங்கதான் பிரிக்கிறீங்க.

— நான் எங்க அப்படிச் சொன்னேன்? வாயைப் பிடுங்காதே.

— சொல்லிட்டீங்களே. சரி, இந்த வாரம் பேப்பர் கூடையிலேருந்து என்னென்ன எடுத்துப் போட்டீங்க?

— விடமாட்டே போல... வாழைப்பழத் தோல். பாதிப் பசையோட ஒரு டப்பா. மூடியில்லாத பேனா... எதுக்கு நோட்டுல டிக் போடுறே?

— சும்மா. அப்புறம்?

— தயிர் ஒட்டின கிண்ணம். கழுவக்கூட இல்லை. எந்த மகராசன் போட்டானோ, நாலு நல்ல தாள் நனைஞ்சே போச்சு. அப்புறம் ஒத்தைக் காலுறை.

— அஞ்சு.

— பல்லு போன சீப்பு ஒண்ணு. இப்பத்தான் எடுத்தேன். தலை சீவவா பள்ளிக்கூடம் வர்றீங்க?

— வேற? நல்லா யோசிங்க. சாக்லேட் கவர், பென்சில் சீவல்...

— கூடை வந்த புதுசுல அதெல்லாம் கொட்டிக் கிடந்துச்சு. இப்போ இல்லை. ஏன், இந்த ஆறு போதாதா? நான் கை வைக்கலைன்னா அடுத்த வாரமே புகைதான். தாயி, நீ 'பிரிக்கிறாங்க'ன்னே எழுதிடு.

— எழுதத்தான் போறேன். பொய்யும் இல்லக்கா.

— அதெப்படி?

— யாரு எடுக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க, தினம் ஒண்ணு மாத்திப் போட்டேன்... நீங்க சொன்ன ஆறும் என் நோட்டுல இருக்கு. திட்டாதீங்க. பசங்க யாரும் தப்பாப் போடலை. நான் ஒருத்திதான்.